பௌனே ஆட் இஞ்ச்

டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்ணை நீங்கள் எப்போதாவது படித்துப் பார்த்திருக்கிறீர்களா? நாற்பது வயது வரை நான் படித்ததில்லை. தங்கையின் கணவர் ஒரு கார் செய்யத் தொடங்கிய பிறகுதான் எனக்கு அந்தப் பழக்கம் வந்தது. வந்தபின் ரோட்டோரத்தில் நிற்கிற எந்த வண்டியையும் நான் விடவில்லை. செகந்திராபாத் திருமுல்கேரியில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு பட்டாளத்து லாரியின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து எண்ணைப் படித்துக்கொண்டிருந்தேன். காவலுக்கு நின்ற சிப்பாய் வந்து, என்ன தொலைத்துவிட்டாய் என்று கேட்டார்.

165/80 R15 என்று போட்டிருக்கிறது என்று வையுங்கள். முதல் எண் டயரின் அகலம், அது மில்லிமீட்டர். இரண்டாவது சதவீதம், அந்த அகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு டயரின் உயரம். கடைசி எண் உள்ளே மாட்டுகிற வீலின் குறுக்களவு, அது இஞ்ச். ஒரே வரிக்குள் மூன்று கணக்கு. மாப்பிள்ளை இதை விளக்கியபோது எனக்கு அவர்கள் வீடுதான் நினைவுக்கு வந்தது. தங்கை தமிழில் கேட்பாள், பிள்ளைகள் தெலுங்கில் பதில் சொல்லும், மாப்பிள்ளை நடுவில் உள்ளூர் இந்தியில் ஆமாமுக்கு ஹவ், வேண்டாமுக்கு நக்கோ என்று முடித்துவைப்பார். சாப்பாடு மட்டும் எப்படியோ சரியாகத் தட்டுக்கு வந்துவிடும்.

அவர் வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். மெட்டுகுடாவில் வீடு, பேகம்பேட்டில் கம்ப்யூட்டர் வேலை. விமானங்கள் இன்னும் பேகம்பேட்டில் இறங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் திருநெல்வேலிக்காரன். ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா வேலை கிடைத்து வந்தவன். வந்து பன்னிரண்டு வருடத்தில் உள்ளூர் இந்தியில் பேரம் பேசுவேன், சண்டை போடுவேன். முக்காலே மூணு வீசம் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே யார் என்ன சொலவடை சொன்னாலும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்வேன்.

கார் என்றால் ஐம்பதுகளில் இங்கிலாந்தில் ஓடிய இரண்டு பேர் உட்காரும் திறந்த கார் ஒன்றின் நகல். அடியில் பழைய வண்டி ஒன்றின் சாசி, மேலே ஃபைபர் உடம்பு. வீட்டுப் பக்கத்து ஷெட்டில் பாடி கட்டுகிற மிஸ்திரி ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் உஸ்தாத். சாசி வேலை உஸ்தாதுடையது. ஆனால் பின்சக்கரங்களின் மேல் வளைந்து இறங்குகிற இரண்டு மட்கார்டுகளை மட்டும் மாப்பிள்ளை தன் கையாலேயே வார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை போயின என்று தங்கைக்குத்தான் தெரியும். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள், இனிமேல் காரைச் செஞ்சு பார்னும் சேத்துக்க அண்ணே என்றாள்.

அவருக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று ஒருநாள் அவரே சொன்னார். ஆபீஸில் பத்து வருடமாக அவர் செய்தது எதையும் யாரும் தொட்டுப் பார்க்க முடியாதாம். அடுத்த வருடம் அதைத் தூக்கிவிட்டு வேறு எழுதிவிடுவார்களாம். "இது ஒண்ணுதான் மச்சான், என் கை செஞ்சதுன்னு காட்டுறதுக்கு" என்றார்.

டயர் வாங்கும் கட்டம் வந்தது. அசல் காரில் இருந்தது ஒல்லியான டயர். இன்றைய கணக்கில் 165 அகலம். ஆனால் 205/65 போட்டாலும் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான் வரும் என்று மாப்பிள்ளை கணக்குப் போட்டுக் காட்டினார். அகலம் கூடுகிறது, சதவீதம் குறைகிறது, சக்கரம் அதே உயரத்தில் நிற்கிறது. இது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. இரண்டு நாள் ஆபீஸில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அகல டயர் ரோட்டை நன்றாகப் பிடிக்கும், மட்கார்டுக்குள் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அளக்கிற நாளில் அவருக்கு ஆபீஸ் இருந்தது. நான் அரைநாள் லீவு போட்டுப் போனேன். உஸ்தாத் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சக்கரத்துக்கு உள்பக்கம் இருக்கிற கமான் பட்டையிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை டேப்பைப் பிடித்தார். நான் வெளியே பேப்பரும் பேனாவுமாக இருந்தேன். உள்ளேயிருந்து "பௌனே ஆட்" என்று குரல் வந்தது. இரண்டு பக்கமும் அதேதானா என்று கேட்டேன். "ஹவ்" என்றார்.

இங்கே என் இந்தியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சவா ஆட் என்றால் எட்டேகால். சாடே ஆட் என்றால் எட்டரை. இரண்டும் கடைத்தெருவில் கற்றவை. பௌனே என்றால் முக்கால் என்று எங்கோ கேட்டிருந்தேன். அப்படியானால் பௌனே ஆட் எவ்வளவு? எட்டேகால், எட்டரை, அடுத்து எட்டேமுக்கால். எந்தத் தமிழனும் அப்படித்தான் ஏறுவான். பேப்பரில் எட்டேமுக்கால் இஞ்ச் என்று எழுதி, கோடு வேறு போட்டுக் கொடுத்தேன்.

எட்டேமுக்காலுக்குள் 205 உட்காரும், இரண்டு பக்கமும் சுண்டுவிரல் நுழைய இடமும் இருக்கும். மாப்பிள்ளை அதையே வாங்கினார். நடுவில் அடிப்பக்கம் பெயிண்ட் அடிக்க ஃபைபர் உடம்பைக் கழற்றி, அவரே மறுபடி போல்ட் போட்டு மாட்டியிருந்தார். பிறகு டயரை ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றினால் கர்ரென்று உரசியது, இரண்டு பக்கமும். டேப்பைப் பிடித்துப் பார்த்தார். ஏழேமுக்கால். என் பேப்பரைவிட ஒரு இஞ்ச் குறைவு.

என் பேப்பரை அவர் சந்தேகிக்கவே இல்லை. மறுபடி மாட்டும்போது தான்தான் உடம்பை உள்ளே இழுத்துவிட்டோம் என்று முடிவு கட்டினார். அந்த வாரம் முழுவதும் சரியாகப் பேசவில்லை. எனக்கெல்லாம் கீபோர்டுதான் லாயக்கு என்று தங்கையிடம் சொன்னாராம். கடைசியில், மட்கார்டின் விளிம்பை வெட்டி வெளியே அகட்டிவிடலாம் என்று உஸ்தாதிடம் சொல்லிவிட்டார். அகட்டினால் அந்த வளைவு போய்விடும், பார்க்க வேறு காராகிவிடும். செருப்புக்காகக் காலை வெட்டுவார்களா என்று தங்கை கேட்டாள். எப்படியும் நான் கெடுத்த வளைவுதானே, அதற்காக டயரை மாற்றுவானேன் என்றார்.

வெட்டுகிற அன்று பௌனே நௌ மணிக்கு வரச் சொல்லியிருந்தார் உஸ்தாத். நான் ஒன்பது நாற்பதுக்கே போய்விட்டேன். ஐந்து நிமிடம் முன்னால் வந்த பெருமை எனக்கு. அங்கே மட்கார்டு இரண்டிலும் டேப் ஒட்டிக் கோடு போட்டிருந்தது. கோட்டை மாப்பிள்ளை நாலு தடவை அழித்து அழித்துப் போட்டாராம், அதில்தான் இவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது. வெட்டுகிற மெஷின் வயர் சொருகித் தயாராக இருந்தது.

"கைக்கு லேட், மியான்? பௌனே நௌ போலா தா நா" என்றார் உஸ்தாத். ஏன் தாமதம், நேரம் சொல்லியிருந்தேனே என்று.

இன்னும் ஐந்து நிமிடம் பாக்கி என்று நான் கடிகாரத்தைக் காட்டினேன். மாப்பிள்ளை அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தார்.

"மச்சான், பௌனே நௌன்னா ஒம்பதாக கால் மணி பாக்கி. எட்டே முக்கால். நீங்க ஒம்பதே முக்கால்னு நெனச்சீங்களா? நல்லா கத்துக்கிட்டீங்க போங்க."

நானும் சிரித்தேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது. பௌனே நௌ எட்டேமுக்கால் என்றால், பௌனே ஆட்?

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆபீஸில் இந்திக் கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். உஸ்தாத் மெஷினைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"மாப்ள, அத நிறுத்தச் சொல்லுங்க. அன்னைக்கு இவர் சொன்னது பௌனே ஆட். நாந்தான் எட்டே முக்கால்னு எழுதிட்டேன்."

உஸ்தாத் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஹவ், மை பௌனே ஆடீச் போலா" என்றார். ஆமாம், நான் அதைத்தான் சொன்னேன் என்று. இத்தனை வருடம் எப்படி ரயில் பிடித்தாய் என்றும் கேட்டார்.

மாப்பிள்ளை திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் டேப்பை எடுத்து இடது பக்கம் அளந்தார், போய் வலது பக்கம் அளந்தார். ஏழேமுக்கால், ஏழேமுக்கால்.

"அப்ப நான் மாட்டினதுல ஒண்ணும் கோணல் இல்ல?"

"இல்ல மாப்ள."

"மொதல்லேந்தே இதான் அளவு?"

"மொதல்லேந்தே இதான்."

அவர் தரையில் உட்கார்ந்து, மட்கார்டில் ஒட்டியிருந்த டேப்பை உரிக்கத் தொடங்கினார். பெயிண்ட் கூட வந்துவிடக் கூடாதே என்று நகத்தால் மெல்ல மெல்ல. நான் அடுத்த பக்கம் போய் உரிக்கக் கை வைத்தேன். வேண்டாம், நானே செய்கிறேன் என்றார்.

165 டயருக்குக் கடை கடையாக அலைந்தோம். கிடைத்ததும் சக்கரத்தை மாட்டி, மட்கார்டுக்கு உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். கட்டைவிரல் தாராளமாக நுழைந்தது. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். அது சத்தமில்லாமல் ஓடி நின்றது. மறுபடி சுற்றிவிட்டார்.