என் அண்ணன் நெற்றியைத் துடைத்த ஸ்டூடியோக்காரன்

நான் சொல்லச் சொல்ல மருமகள் டைப் செய்கிறாள். கெட்ட வார்த்தைகளை மட்டும் விட்டுவிடுகிறாள்.

நாளை என் அண்ணனுக்கு வருஷத் திதி. பேரன் கேமராவில் எடுத்த அவர் படத்தைப் பெரிதாக்கித் தரச் சொல்லி பஜார் ஸ்டூடியோவில் கொடுத்திருந்தேன். இன்று போய்ப் பிரித்துப் பார்த்தால், சினிமா நடிகன் மாதிரி யாரோ ஒருவன் சிரிக்கிறான்.

"இன்னாப்பா இது? புருவத்து மேல இருந்த நீலத் தழும்பு எங்க?"

"அதுவா தாத்தா? பெருசு பண்ணா இங்க் கறை மாதிரி தெரிஞ்சுது. நானே க்ளீன் பண்ணிட்டேன். பத்து வயசு கொறைஞ்சிட்டாரு பாருங்க!"

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் பாறை தெறித்த அன்று அண்ணனைக் கேஜ் லிஃப்டில் மேலே ஏற்றி வந்தவன் நான். காயத்துக்குள் கல்தூளை வைத்தே தைத்துவிட்டார்கள். சாகும்வரை அந்த நீலம் போகவில்லை.

"கறையாடா அது? வேற போட்டுக் குடு."

"பெரிய பிரிண்ட் பெங்களூர்லதான் தாத்தா. ரெண்டு நாளாவும். நெத்திய யாரு உத்துப் பாக்கப் போறாங்க? எடுத்துட்டுப் போங்க."

அவன் மேஜையில் கிடந்த நீல மார்க்கரை எடுத்தேன். கையெழுத்துகூடப் போடத் தெரியாத கை இது. ஆனால் அந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே வளையும் என்று அதற்குத் தெரியும். அழுத்திப் போட்டேன்.

"ஐயோ தாத்தா, படமே போச்சு!"

"இப்பதான்டா எங்கண்ணன் வந்துருக்காரு" என்று சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் வீட்டுச் சுவரில் மாலையோடு தொங்குபவர் உங்கள் அப்பாதானா? எதற்கும் ஒருமுறை கிட்டே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.