கந்தவேல் வீட்டுப் புகைபோக்கி

இளம்பிள்ளையில் கந்தவேலைப் போலக் காற்றைப் பகைத்துக்கொண்ட மனிதர் வேறு யாரும் இருந்ததில்லை. தறிக்காரர் என்றால் அப்படித்தான். காற்றுப் பட்டால் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் காய்ந்து இழை பொட்டென்று அறுந்துவிடும். அதற்காக அவர் ஜன்னல்களை அடைத்து, தறிக்குழியைச் சுற்றித் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்குப் போட்டு வைத்திருப்பார். வந்த விருந்தாளி கதவைத் திறந்து போட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

அந்த அடைப்புக்குள்தான் அவர் மனைவி கந்தம்மாள் விறகடுப்பு ஊதினாள். கல்யாணமான புதிதில் தறிச் சத்தத்துக்கு ஈடாகப் பாடிக்கொண்டே சமைத்தவள். இப்போது பாட்டுப் போய் இருமல்தான் மிச்சம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் ஆடியில் வைத்தியர் வந்து பார்த்தார்.

"இன்னும் இந்தப் பொகையிலயே கெடந்தா நெஞ்சு தாங்காதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கந்தவேல் அன்றைக்கே தறியை விட்டு எழுந்தார். கொத்து வேலை செய்யும் மைத்துனன் மருதாசலத்தைக் கூப்பிட்டு, அடுப்புக்கு மேல் செங்கல்லால் கூம்பு கட்டி, ஓட்டுக்கு வெளியே புகைபோக்கி எழுப்பச் சொன்னார். அடுப்பைப் பற்றவைத்ததும் புகை குபுகுபுவென்று மேலேறியது. கந்தவேல் தெருவில் நின்று, மகனைப் பள்ளிக்கூடம் அனுப்பும் தகப்பன் மாதிரி அதை வழியனுப்பினார்.

சந்தோஷம் நிலைக்கவில்லை. புகைபோக்கி இழுத்த இழுப்பில் தெருக்கதவு இடுக்கு வழியாக ஆடிக்காற்று உள்ளே புகுந்து, தறிமேல் ஓடி, அடுப்படிக்குப் போனது. இழை அறுந்தது. பிணைத்தார். மறுபடியும் அறுந்தது. ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விட்டார்.

சில நாளில் இழை அறுவது நின்றுவிட்டது. வானம் மூட்டம் போட்டதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்க அடுப்படிக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். புகைக்குள் கந்தம்மாள் முந்தானையை வாயில் அமுக்கிக்கொண்டு, சத்தம் வராமல் இருமிக்கொண்டிருந்தாள். கூம்பின் கழுத்தில் அவருடைய ஈரச் சாக்கு ஒன்று திணிக்கப்பட்டிருந்தது.

"ஏம்புள்ள, இதென்ன வேலை?"

"தறி நின்னு நின்னு ஓடுச்சுங்களே. இழை அறுந்தா நீங்க வெசனப்படறீங்க. எனக்கு இருமிப் பழக்கந்தானுங்க."

கந்தவேலுக்குக் கண் கலங்கிவிட்டது. புகையால்தான் என்று சொல்லித் தப்பிக்கவும் தோன்றவில்லை.

"பாவு போனாப் போகுது. நீ போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?" என்று சாக்கை உருவி வீசினார்.

பிறகு ஒற்றை இழையை எடுத்து அடுப்படி நிலைவாசலில் தூக்கிப் பிடித்தார். இழை தறிப்பக்கமிருந்து அடுப்புப் பக்கமாகச் சாய்ந்தது. அடுப்புக்குக் காற்று வேண்டும், வேறு வழி இல்லாததால் தறி வழியாக வருகிறது என்று அவருக்குப் பிடிபட்டது. மருதாசலத்தை மறுபடி வரவழைத்து, அடுப்படியின் புழக்கடைச் சுவரில், அடுப்பின் காலடியில் ஓட்டை போடச் சொன்னார். தறிக்கும் அடுப்படிக்கும் நடுவிலிருந்த கதவின் சந்துகளைப் பழந்துணியால் அடைத்தார். இழையைப் பிடித்துப் பார்த்தார். ஆடவில்லை.

அதற்குப் பிறகு அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. நன்றாக ஓடும் தறியைத் திடீரென்று நிறுத்துவார்.

"ஏனுங்க, இழை அறுந்துபோச்சுங்களா?" என்று உள்ளிருந்து குரல் வரும்.

"இல்ல புள்ள, சும்மாதான்" என்பார். இருமல் கேட்கவில்லை என்று உறுதியானதும் மறுபடி தறி நாடாவை ஓட்டுவார்.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் அப்படி நிறுத்தினார். உள்ளே கந்தம்மாள் பாடிக்கொண்டிருந்தாள். அன்று மதியம்வரை அவர் தறியைத் தொடவில்லை.