தொட்டில்கள் காலியாக இருந்த நாள்

"எங்கியோ கீற வெள்ளக்காரி உன் பேச்சக் கேட்டு எங்க புள்ளைங்களுக்குத் தொட்டில் கட்டித் தருவாளாடி? போய் வேல தேடுற வழியப் பாரு" என்றாள் அக்கா. கல் உடைத்துவிட்டு வந்து, தலைத்துணியை அவிழ்த்துத் தூசியை உதறிக்கொண்டே சொன்னாள்.

தொட்டில் வந்தது. சம்பளம் வாங்காமல் ஊர்க்காரர்களே செய்யும் வேலைகளுக்குப் பல நாடுகளில் சிறு தொகை கொடுத்து உதவும் ஒரு வெளிநாட்டு அமைப்பைப் பற்றிக் கல்லூரியில் பேராசிரியை சொல்லியிருந்தார். பி.ஏ. முடித்த கையோடு நானே இங்கிலீஷில் எழுதிப் போட்டேன். ஒரு வருஷத்துக்கு உதவி கிடைத்தது. தாம்பரத்துக்கு மேற்கே, கல்குவாரிக்குப் போகும் மண்சாலையோரம் கீற்றுக் கொட்டகை போட்டோம். நானும் எங்கள் தெருப் பெண்கள் மூன்று பேரும் இரண்டிரண்டு பேராக முறை வைத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டோம்.

அதற்கு முன்பு குழந்தைகள் குவாரியில்தான் கிடந்தன. வெடி வைக்க விசில் ஊதினால், தூங்கும் குழந்தையை வாரிக்கொண்டு ஓட ஓர் ஆள் வேண்டும். தாய்க்குக் கல் உடைக்கிற வேலை. ஆகவே அந்த ஆள் எப்போதும் மூத்த பெண்குழந்தைதான். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். எனக்குக் கீழே தம்பியோ தங்கையோ பிறக்கவில்லை, அதனால் போனேன். என்னை இடுப்பில் சுமந்த அக்கா போகவில்லை. இப்போது அக்காவின் மூத்த மகள் தன் தம்பியைச் சுமந்துகொண்டிருந்தாள்.

கொட்டகை வந்த பிறகும் அக்கா அவளைப் பள்ளியில் சேர்க்கவில்லை. "ஒரு வருசம் கழிச்சி இத்த மூடிட்டுப் போயிட்டா? பாதில நிறுத்தறதுக்கு இன்னாத்துக்கு சேக்கணும்?" என்று கேட்டாள். தெருவில் மற்ற தாய்மார்களும் அதையேதான் நினைத்தார்கள். இரண்டாம் வருஷத்துக்கும் உதவி வந்தால்தான் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடம் போவார்கள். அதை முடிவு செய்வதற்கு முன் நேரில் பார்க்க அந்த அமைப்பிலிருந்து ஓர் அம்மா வருவதாகத் தகவல் வந்தது.

அன்று காலை நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்று காருக்கு வழிகாட்டி அழைத்து வந்தேன். வெள்ளைக்கார அம்மாவோடு, மொழிபெயர்க்க நகரத்திலிருந்து ஒரு சாரும் வந்திருந்தார். தூரத்திலேயே கொட்டகை கண்ணில் பட்டது. மாவிலைத் தோரணம், தெருவை அடைத்துக் கோலம். தாய்மார்கள் எல்லாரும் தீபாவளிப் புடவையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குளிப்பாட்டிப் பொட்டு வைத்த பிள்ளைகள் அவரவர் மடியில். தொட்டில்களில் பூச்சரம் தொங்கியது, உள்ளே ஒரு குழந்தைகூட இல்லை. விருந்தாளி வருகிற நாளில் வீட்டில் ஆள் இல்லாமல் போவது மரியாதையில்லை என்று யாரும் வேலைக்குப் போகவில்லை.

ஆரத்தி எடுத்தார்கள். பாட்டிலில் கலர் கொடுத்தார்கள். அந்த அம்மா சிரித்தபடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார்.

சார் தமிழில் சொன்னார்: "மேடம் கேக்கறாங்க. அம்மாங்க எல்லாம் பகல்ல வீட்டுலதானே இருக்கீங்க, அப்புறம் இந்தக் காப்பகம் எதுக்கு?"

"வெருந்தாளி வரசொல்ல வேலைக்கா போவாங்க?" என்றாள் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

சார் அதை இங்கிலீஷில், "உங்கள் வருகையில் மிகவும் மகிழ்ச்சி என்கிறார்கள்" என்று சொன்னார்.

எனக்குப் புரிந்தது. அங்கே அது புரிந்த தெருக்காரி நான் ஒருத்திதான். இங்கிலீஷில் பரீட்சை எழுதியிருக்கிறேன், கடிதம் எழுதியிருக்கிறேன். ஒரு வெள்ளைக்காரரிடம் வாய் திறந்து பேசியதில்லை. ஆனாலும் எழுந்து சொன்னேன்: நீங்கள் வருகிறீர்கள் என்றுதான் இன்று கூலியை விட்டுவிட்டு இருக்கிறார்கள், தினமும் இப்படி இல்லை, நாளைக் காலை ஆறு மணிக்கு வந்து பாருங்கள்.

"நல்லாத்தானேம்மா போயிட்டிருந்துது, நீயே ஏன் கெடுத்துக்கறே? மேடத்துக்கு நாளைக்கு மத்தியானம் ஃப்ளைட்" என்று சார் என் பக்கம் குனிந்து முணுமுணுத்தார். அந்த அம்மா, முயற்சி செய்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

கார் மறைந்ததும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "கூலிய வுட்டுட்டு குந்திகினு கீறோம், நீ மூஞ்சில அடிச்ச மாரி சொல்றியே. நாளைக்கு அந்தம்மா முன்னாடி கந்தலக் கட்டிகினு நிக்கணுமா?"

"ஆமா."

அவள் மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் குவாரி லாரி வந்து நின்றபோது கார் இன்னும் வரவில்லை. மேஸ்திரி லாரியின் பக்கவாட்டில் தட்டினார். "நேத்து டிமிக்கி குடுத்தீங்க, இன்னிக்கி எவனுக்குக் காத்துகினு கீறீங்க? ஏறுங்க." பெண்கள் குழந்தைகளைக் கொட்டகையில் விட்டுவிட்டு ஒவ்வொருவராக ஏறினார்கள். அக்கா மட்டும் கட்டிய தலைத்துணியையே திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் சாலையில்தான் இருந்தது என்று அப்போதுதான் கவனித்தேன்.

மேஸ்திரி இரண்டாம் முறை தட்டியபோது கார் வந்தது. சார் இல்லை, அந்த அம்மா மட்டும் இறங்கினார். லாரி உறுமியது. என் இரு கையிலும், அன்று முறைக்கு வந்தவள் கையிலும் அழுகிற பிள்ளைகள். அக்கா சுற்றிலும் பார்த்தாள். "தே, புடிம்மா" என்று தன் மகனை அந்த அம்மாவின் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் லாரியில் தொற்றிக்கொண்டாள். அவன் அந்தப் புதுக் கையில் முதல் காரியமாக ஈரம் பண்ணினான். அந்த அம்மா பாவாடையைத் துடைத்துக்கொள்ளாமல், லாரி போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட்டோம். கொஞ்ச நேரத்தில் குவாரிப் பக்கம் விசில் நீளமாகக் கேட்டது. மூலையில் புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்த அக்காவின் மகள் எழுந்து ஓடி, தூங்குகிற தம்பியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தாள். அதன்பிறகுதான் வெடி கேட்டது. கொட்டகையின் மூங்கில் லேசாக அதிர்ந்தது. தான் இருப்பது குவாரி இல்லை என்று தெரிந்து அவள் வெட்கத்தோடு திரும்பி வந்தாள்.

இவள் ஏன் ஓடினாள் என்று கேட்டார் அந்த அம்மா. சொன்னேன். என் இங்கிலீஷ் தடுமாறியது, அவர் பொறுமையாகக் கேட்டார். இவளுக்கு என்ன வயது என்றார். ஒன்பது என்றேன். புறப்படும்போது, பல நாடுகளிலிருந்து இப்படிக் கேட்கிறார்கள், முடிவு என் ஒருத்தியின் கையில் இல்லை, பதில் வரும் என்றார்.

சாயங்காலம் லாரியிலிருந்து இறங்கியதும் அக்கா கேட்டாள், "இன்னா சொன்னா?"

"பதில் போடறேன்னாங்க."

"அப்போ வரட்டும். வந்தாப் பாக்கலாம்."

"வரும்போது வரட்டும். உன் பொண்ண மத்தியானமே கூட்டினு போய் பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்துல சேத்துட்டேன்" என்றேன்.