பாஸ் பாதியாக வெட்டிய வாரங்கள்

மலாக்காவுக்கு வந்த புதிதில் என் மோட்டார் சைக்கிளைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். "சாயந்திரம் கிடைக்குமா?" என்று கேட்டதும், வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் "போலே லா" என்றார் கடைக்காரர். மலாயில் போலே என்றால் முடியும். வண்டி வந்தது அடுத்த வாரம். அவருக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. எங்கள் மணப்பாறை மெக்கானிக்கோ, "இது தேறாதும்மா" என்று பயமுறுத்திவிட்டுத்தான் வண்டியைத் தொடுவார். முகத்துக்கு நேரே முடியாது என்பது இங்கே மரியாதைக் குறைவு என்று பிறகுதான் புரிந்தது.

மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற பகுதியில் நான் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் அலுவலகமும் இந்தப் போலேயில்தான் ஓடுகிறது. ஓர் இணையதளம் செய்ய எத்தனை வாரம் ஆகும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது என் பொறுப்பு. முதல் வேலையைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, சோதனைக்கும் வாடிக்கையாளர் மனம் மாறுவதற்கும் இடம் விட்டு, எட்டு வாரம் என்றேன். எங்கள் பாஸ் சுகுமாரன் வாடிக்கையாளர் முன்னாலேயே சிரித்துக்கொண்டு, "நாலு வாரம் போதும், போலே" என்றார். வெளியே வந்ததும் உடன் வேலை பார்க்கும் கோகிலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"என்னாக்கா, உண்மையச் சொல்லிட்டீங்க? பாஸ் எப்பவும் பாதி வெட்டுவாரு. நாங்கல்லாம் டபுளா சொல்லுவோம் லா."

நாலாவது வாரம் மணப்பாறையில் என் தங்கைக்குக் கல்யாணம். விடுப்புக் கேட்டேன். "டைம் கணக்குப் போட்டது நீதானேம்மா, முடிச்சிட்டுப் போ" என்றார் பாஸ். அலுவலகக் கழிப்பறையில் நின்று, கைப்பேசியில் தாலி கட்டுவதைப் பார்த்தேன். நாதஸ்வரம் வெளியே கேட்டுவிடப் போகிறதே என்று ஒலியைக் குறைத்தேன். இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

சந்தர்ப்பத்தை அவரே கொண்டுவந்தார். ஜாசினுக்குப் பக்கத்தில் அவர் பிறந்த ரப்பர் தோட்டத்துக் கோயிலுக்கு அவர்தான் தலைவர். திருவிழாவில் பால்குடம் எடுப்பவர்கள் கைப்பேசியிலேயே பெயர் பதிய ஓர் இணையதளம் வேண்டும் என்று, கமிட்டிக் கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். ஆறு வாரம் என்றேன். இந்த முறையும் சுத்தமான உண்மை. இரண்டு மடங்காகச் சொல்லியிருந்தால் அவர் வெட்டிய பிறகு சரியான கணக்கு மிஞ்சியிருக்கும். அதை ஏன் அவருக்குக் கொடுக்க வேண்டும்? எதிர்பார்த்தபடியே, பெரியவர்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, "மூணே வாரம்! இனிமே கியூவே கிடையாது" என்றார். "போலே, பாஸ்" என்றேன். அந்தச் சொல் என் வாயில் அவ்வளவு இனித்தது.

ஒழுங்காகத்தான் வேலை செய்தேன். அலுவலக நேரம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், அவ்வளவுதான். கோகிலா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

மூன்று வாரத்தில் தளம் பாதிதான் முடிந்திருந்தது. திருவிழா அன்று கோயில் வாசலில் மேசை போட்டு, வெயிலில் வியர்த்து வழிய, பாஸ் கையாலேயே பெயர் எழுதிக்கொண்டிருந்தார். வரிசை சாலைவரை நீண்டிருந்தது. "என்னாப்பா சுகு, போன்லயே வந்துரும்னு சொன்ன, காணோமே?" என்று ஓர் அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு வயிறு குளிர்ந்தது. இதைப் பார்க்கத்தான் நானும் பால்குடம் எடுக்க வந்திருந்தேன். சாமி மன்னிக்கட்டும்.

என் முறை வந்தது.

"முடியாதுன்னு அப்பவே சொல்லியிருக்கலாம்லம்மா?"

"ஆறு வாரம்னு சொன்னேனே பாஸ். வெட்டுனது நீங்கதானே?"

அவர் பேனாவை எடுத்தார். மற்ற எல்லோரிடமும் எந்த ஊர் என்று கேட்டுக் கேட்டு எழுதியவர், எனக்கு மட்டும் கேட்காமலே ‘இந்தியா’ என்று எழுதினார்.

ஓரமாகப் போய் நின்றேன். கைப்பேசியில் தங்கை அழைத்தாள். ஜெயித்த கதையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அக்கா, கல்யாண ஆல்பம் வந்திருச்சு. குடும்பப் படத்துல உன் இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு பெரியம்மா பொண்ண நிக்க வெச்சிட்டோம். கோவிச்சுக்காத."

ஒலிபெருக்கி ஊர் ஊராக அழைத்தது. ஜாசின்காரர்கள் கூட்டமாகப் போனார்கள். லூபோக் சீனா ஊர்க்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு போனார்கள். ‘இந்தியா’ என்றதும் குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு நான் ஒருத்தி மட்டும் நடந்தேன்.