காணி உறுதி கேட்ட படிவம்

யுத்த காலத்தில் நான் கண்டியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். சிங்களப் படிவங்களைத் தமிழாக்குவதும், தமிழில் வரும் விண்ணப்பங்களைச் சிங்களத்தில் எழுதுவதும் என் வேலை. பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அடையாள அட்டையில் இருந்ததால், பஸ்ஸிலும் தெருவிலும் குரல் எழும்பாமல் பேசப் பழகியிருந்தேன். யாராவது எதையாவது கேட்டால் தலையாட்டிவிட்டு விலகிவிடுவேன்.

அப்போதுதான் ஒரு சுற்றறிக்கை வந்தது. இலகுவில் மீள்சுழற்சி செய்ய முடியாத பிளாஸ்டிக்கை வைத்து ஏதாவது செய்பவர்களுக்கு, இயந்திரம் வாங்க அரசாங்கம் மானியம் கொடுக்கும் என்றது அது. போத்தலுக்கும் உடைந்த வாளிக்கும் வாங்க ஆள் உண்டு. சொப்பிங் பேக், சோற்றுப்பொதி சுற்றும் லஞ்ச் சீட், உரப்பையின் உள்ளுறை இவற்றை எவரும் தொடுவதில்லை. மழை பெய்தால் தண்ணீர் ஓடும் கான்களை அடைத்துக்கொண்டு கிடந்தவை அவைதான். படிவத்தைத் தமிழாக்கி அறிவித்தல் பலகையில் ஒட்டினேன். வெகு நாட்களுக்குத் தமிழில் யாரும் விண்ணப்பிக்கவில்லை.

பிறகு ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. கொழுந்து பறித்துக் கறைபடிந்த விரல்கள். லஞ்ச் சீட்டை உருக்கி வேலிக்கால் செய்வதாகச் சொன்னார். எங்கள் மேலதிகாரி ஒரு சிங்கள அம்மையார், பொறியியல் படித்தவர். கண்ணால் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வைக்கமாட்டார். போய்ப் பார்த்து மாதிரி ஒன்று கொண்டுவரும்படி என்னை அனுப்பினார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்பக்கம், தகரத்தாச்சியொன்றில் அந்தப் பெண் பொலித்தீனைக் கிளறிக்கொண்டிருந்தார். நெருப்பு மிகவும் சின்னதாக இருந்தது. புகை வந்தால் சூடு கூடிவிட்டது என்று அர்த்தம், அது கண்ணுக்கும் நெஞ்சுக்கும் ஆகாது, வேலிக்காலும் பிறகு வெடித்துவிடும் என்றார். பசைபோல இளகியதும் மணல் சேர்த்து, பலகைச் சட்டத்துக்குள் கொட்டி, மேலே கல்லேற்றினார்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். வாசலில் இருந்த ஒரு மரத்தூணைக் காட்டினார். இனக்கலவரத்தில் வெளியாட்கள் வந்து லயத்துக்குத் தீ வைத்தபோது, குடும்பத்தோடு தேயிலைச் செடிகளுக்குள் ஒளிந்திருந்தாராம். மூன்றாம் நாள் திரும்பி வந்தால் கூரை இல்லை. தூணோரம் அடுக்கியிருந்த உரப்பை உள்ளுறைகள் உருகி வழிந்து, தூணின் அடியைச் சுற்றி இறுகிக் கிடந்தன. லயத்தைத் திருத்தியபோது புதிதாக நட்ட தூண்களையெல்லாம் சில வருடங்களில் கறையான் அரித்துவிட்டது. கருகிய அந்த ஒரு தூண் மட்டும் அசையவில்லை.

"அதப் பாத்துக்கிட்டே இருந்தேங்க ஐயா. நம்மள எரிக்க வந்த நெருப்புதான், ஆனா ஒன்னு கத்துக்குடுத்துட்டுப் போயிருக்கேன்னு தோணுச்சு."

சொல்லிவிட்டு அடுத்த தாச்சிப் பொலித்தீனைக் கிளறத் தொடங்கினார்.

மாதிரி வேலிக்காலை ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு இருவருமாகக் கண்டிக்குப் பஸ் ஏறினோம். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். சிப்பாய் ஒருவன் என் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஓரமாக நிற்கச் சொன்னான். இன்னொருவன் சாக்கைத் தூக்கிப் பார்த்து, இவ்வளவு பாரமான கறுப்புச் சாமான் என்னவென்று அதட்டினான். நாள் முழுக்கச் சிங்களம் எழுதும் நான், வழக்கம்போல வெறுமனே தலையாட்டினேன். கந்தோர் கடிதம் சட்டைப் பையில் இருந்தும் அதை எடுக்கக் கை வரவில்லை.

அந்தப் பெண்ணின் அட்டையில் குறையில்லை, பஸ்ஸில் ஏறச் சொன்னார்கள். அவர் ஏறவில்லை. சிப்பாய்க்கு நேரே வந்து நின்று, நிதானமான சிங்களத்தில் பேசினார். இந்த ஐயா அரசாங்க வேலையாக எங்கள் இடத்துக்கு வந்தவர், சாக்கில் இருப்பது என் பொருள், சந்தேகம் இருந்தால் அறுத்துப் பாருங்கள் என்றார். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது.

காவலரணுக்கு மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து அறுக்கும் வாள் வந்தது. மெல்ல மெல்ல அறுத்தார்கள். வேலிக்கால் இரண்டானதும் வெட்டுமுகத்தில் சிவப்பும் நீலமுமாகச் சொப்பிங் பேக் துணுக்குகள் மின்னின. சிப்பாய் அதை முகர்ந்து பார்த்தான், முகம் இளகியது. தண்ணீரில் ஊறுமா என்று கேட்டான். ஊறாது, ஒரு துண்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இந்தச் சேற்றில் நிற்க உதவும் என்றார் அவர். அவன் அதைக் காவல் நிற்கும் இடத்தில் போட்டு, ஏறி நின்று பார்த்தான். பிறகு என் அட்டையைத் திருப்பித் தந்தான்.

அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது கேட்டேன். "நீங்கள் ஏன் அந்தப் பஸ்ஸில ஏறிப் போகேல்லை?"

"எங்க வீட்டுக்கு வந்தவர நடுரோட்டுல விட்டுட்டு நான் எப்படிங்க போறது?" என்றார்.

அவ்வளவு வருடத்தில் எனக்காக ஒருவர் அப்படி நின்றதை நான் கண்டதில்லை. சாக்கை வாங்கி என் தோளில் வைத்துக்கொண்டேன்.

அறுபட்ட துண்டே மேலதிகாரிக்குப் பிடித்துப்போனது. உள்ளே எங்கும் காற்றுக்குமிழி இல்லை என்று நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஆனால் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. இயந்திரத்தை விண்ணப்பதாரரின் சொந்தக் காணியில் பொருத்த வேண்டும், காணி உறுதிப் பத்திரத்தின் பிரதி இணைக்க வேண்டும். லயமும் தோட்டத்துடையது, லயம் நின்ற மண்ணும் தோட்டத்துடையது. பரம்பரையாக அங்கே உழைத்தவர்களுக்கு ஒரு சாண் உறுதியும் கிடையாது. அந்த வரியைத் தமிழாக்கியவன் நான். அதை அவருக்கு வாசித்துச் சொல்லும்போது தலை நிமிரவில்லை.

அவர் அந்த வரியை விரலால் தொட்டுக் கேட்டார்.

"மெஷின் தரையில நின்னாத்தானேங்க உறுதி வேணும்? சில்லு வச்சு இழுத்துக்கிட்டுப் போனா?"

நான் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். மேலதிகாரி சுற்றறிக்கையை முதலிலிருந்து மீண்டும் வாசித்தார். நகரும் இயந்திரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தடை இல்லையென்றால் கேட்டுப் பார்க்கலாம் என்று, கொழும்புக்குக் கடிதம் எழுதச் சொன்னார். முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு, விதிகளைப் பார்க்கவும் என்று ஒற்றை வரி வந்தது. மூன்றாவது கடிதத்தை நான் யாரும் சொல்லாமலே எழுதி, கையெழுத்துக்கு வைத்தேன். மேலதிகாரி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார். மாதத்துக்கொருமுறை அந்தப் பெண் பஸ் ஏறி வந்து, வாங்குப் பலகையில் உட்கார்ந்து, இன்னும் பதில் இல்லை என்று நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு திரும்பிப் போவார். முகம் சுருங்கி நான் பார்த்ததில்லை.

கடைசியில் அனுமதி வந்தது. மூடிய உருக்குத் தொட்டியும் அழுத்தும் கருவியும், லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இழுக்கும் இரட்டைச் சில்லு வண்டியில் பூட்டப்பட்டன. லயத்துப் பெண்கள் இருவர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். முதலில் செய்த பலகைகள் வெயிலில் வளைந்து, திரும்பி வந்தன. மணலின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்துச் சரிக்கட்டினார்கள். வண்டிக்கு ஓரிடம் இல்லாதது நல்லதாகவே போயிற்று. குப்பை எங்கே சேர்ந்ததோ அங்கே அதுவே போனது. அலவத்துகொடையில் கலியாண வீடுகளின் லஞ்ச் சீட்டெல்லாம் பாடசாலைக் கானுக்கு மூடியாயின.

குண்டசாலையில் நான் வாடகைக்கு இருந்த ஒழுங்கைக்கும் ஒருநாள் வண்டி வந்தது. சனம் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. சமையலறை மூலையில் சேர்த்து வைத்திருந்த பையை நானும் பெருமையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் பிரித்து, ஒரு லஞ்ச் சீட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அதில் பருப்பு காய்ந்து ஒட்டியிருந்தது.

"கழுவிக் கொண்டாங்க ஐயா," என்று பையைத் திருப்பித் தந்தார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன்.