கழுதைக் கணக்கு

அனுசியா முதுகலையில் சேர்ந்துவிட்டாள் என்று தெரிந்ததும் மலாக்காவின் அலோர் காஜாவில் அவளை அறிந்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: எதுக்கு? நாற்பத்து நான்கு வயது, வக்கீல் ஆபீசில் இருபது வருடக் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை, முட்டிவலி வேறு. படிப்பின் பெயர் 'சைபர் குற்றமும் பயங்கரவாதமும்' என்று சொன்னால் கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். துணிக்கடை ஹனிபா அண்ணன், குண்டு வைக்கிறவனைப் பிடிக்கப் போகிறாயா தங்கச்சி என்று கேலி செய்தார். மறு வாரம் அவரே, பேஸ்புக் பாஸ்வர்ட் மறந்துபோச்சு, திறந்து கொடு என்று போனை நீட்டினார். அதிலிருந்து கோயிலுக்குப் போனாலும் பாசார் சந்தைக்குப் போனாலும் யாராவது ஒரு போனோடு வந்து நிற்பார்கள். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். போன் ரிப்பேருக்கும் அவள் படிப்புக்கும் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம்தான்.

எதற்கு என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. வெளியில் சொல்லிக்கொள்ளும் பதில் இல்லை. அவள் தம்பி கோகுலராஜ் பெம்பானில் இருக்கிறான், எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறான். அவள் படிப்பில் சேர்வதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பு, கூட லாரி ஓட்டிய வசந்தன் என்பவன் கேட்டான் என்று தன் ஏடிஎம் அட்டையை இரவல் கொடுத்தான். வசந்தன் அதை யாருக்கோ கைமாற்றிவிட்டான். ஊர் பேர் தெரியாத ஒரு மோசடிக் கும்பல், போலீஸ் பேசுகிறோம் என்று போனில் மிரட்டிப் பிடுங்கிய பணமெல்லாம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போயிருக்கிறது. வசந்தன் ஓடிவிட்டான். அட்டையில் பெயர் இருந்தவன் கோர்ட்டில் நின்றான்.

இப்படிக் கணக்கை இரவல் விட்டவர்களுக்கு மலாயில் ஒரு பெயர் இருக்கிறது: கெல்டாய். கழுதை. பேப்பரிலும் அப்படித்தான் வந்தது. அபராதம் கட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினால், பழம் ஏற்றும் இடத்தில் அவனுக்குப் பெயரே மாறிப்போயிருந்தது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று ஒருவன் சொல்ல நான்கு பேர் சிரிப்பார்கள். கோகுலராஜ் ஒன்றும் சொல்ல மாட்டான். வீட்டிலும் அதைப் பற்றி வாய் திறந்ததில்லை, அக்காவிடம்கூட. என் தம்பி வெகுளி, கேட்டால் கொடுத்துவிடுகிற பிள்ளை, அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி அனுசியா அலுத்துப்போனாள். கடைசியில் அதை ஆய்வாகவே எழுதி நிரூபித்துவிடுவது என்று கிளம்பினாள்.

வகுப்பு சனி ஞாயிறுகளில். மூன்றாவது வாரமே சண்டை. விரிவுரையாளர் திரையில் ஒரு படம் காட்டினார். இந்தப் பக்கம் ஒரு கழுதை, அந்தப் பக்கம் ஒரு வெடிகுண்டு, நடுவே ஓர் அம்புக்குறி. பயங்கரவாதிகளின் பணமும் இந்தக் கணக்குகள் வழியாகத்தான் போகிறது என்று விளக்கினார். அனுசியா எழுந்து, கழுதை என்று நீங்கள் சொல்கிறவனுக்கு அந்தக் குண்டைப் பற்றித் தெரியுமா என்று கேட்டாள். நல்ல கேள்வி, உங்கள் ஆய்வுக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் நடுவில் அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

ஆய்வுக்குப் பன்னிரண்டு பேரின் பேட்டி வேண்டும். கணக்கை இரவல் விட்டு மாட்டிக்கொண்டவர்கள், மலாக்கா மாநிலத்துத் தமிழர்கள். கேள்வித்தாளைத் தமிழில் எழுதும்போது 'இரவல் கணக்கு' என்று போட்டாள். ஆய்வு மேற்பார்வையாளருக்குப் பிடித்திருந்தது. கேள்வித்தாளுக்கு அனுமதி தரும் பல்கலைக்கழகக் குழுவுக்குப் பிடிக்கவில்லை. மூலச் சொல்லில் மிருகம் இருக்கிறது, மொழிபெயர்ப்பில் காணோம், திருத்தவும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் நான்கு பக்கத்துக்கு விளக்கம் எழுதினாள். மூன்று மாதம் கழித்து ஒரு வரி பதில் வந்தது: அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கவும். அவர், யாரோ மகராசன், தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் 'கழுதைக் கணக்கு வைத்திருந்தோருக்கான கேள்விகள்' என்று போட்டுக்கொடுத்தார். குழு உடனே முத்திரை குத்தியது. அந்தத் தாளைக் கையில் வாங்கிய அன்று அனுசியா காரில் உட்கார்ந்து அழுதாள். துக்கமெல்லாம் இல்லை, சுத்தமான ஆத்திரம்.

அந்தத் தாளோடு வாசல் வாசலாக ஏறினாள். மீனம்மா என்ற பெண்மணி தலைப்பைப் படித்துவிட்டு, எம் மவன் கழுதன்னா அவனப் பெத்த நான் யாரு என்று கேட்டுவிட்டு வாசல் கதவை இழுத்துச் சாத்தினாள். ஒருவன் தாளைக் கிழித்தே போட்டான். இரண்டு வருடம் அலைந்து, கெஞ்சி, பதினோரு பேர் தேறினார்கள். ஏழாவது கேள்விதான் அவளுக்கு முக்கியம்: 'அட்டையைக் கொடுக்கும்போது உங்களுக்குச் சந்தேகம் வந்ததா? ஆம் / இல்லை.' பதினோரு பேரும் இல்லை என்றார்கள். இதுதானே நான் சொன்னது என்று அவள் முடிவுரையையே எழுதி வைத்துவிட்டாள். அறியாமைதான் காரணம், இவர்கள் குற்றவாளிகள் அல்லர், ஏமாந்தவர்கள் என்று.

பன்னிரண்டாவது ஆள் கிடைக்கவே இல்லை. ஆய்வை ஒப்படைக்க வரும் புதன்கிழமை கடைசி நாள். ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாகிவிட்டது, இனி இல்லை என்று எழுதிவிட்டார்கள். பதினொன்றோடு போனால் நான்கு வருடமும் தண்ணீரில்தான். சொந்தத் தம்பியைப் பேட்டி எடுக்கலாமா என்று கேட்டதற்கு, உறவை ஆய்வில் குறிப்பிட்டுவிட்டால் போதும் என்றார் மேற்பார்வையாளர். பெம்பானுக்குப் போனாள். கோகுலராஜ் தலைப்பை மட்டும் படித்தான். தாளை மடித்து அவள் கைப்பையிலேயே வைத்தான். "நீயுமாக்கா?" என்று கேட்டுவிட்டு லாரியைக் கழுவப் போய்விட்டான். அந்தத் தலைப்பு தன்னுடையது இல்லை என்று அவன் முதுகைப் பார்த்து எத்தனை விளக்கம்தான் சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனே அலோர் காஜாவுக்கு வந்து நின்றான். அவன் மனைவி திலகா என்ன சொல்லி அனுப்பினாளோ தெரியவில்லை. சாப்பிடச் சொன்னதற்கு வேண்டாம் என்றான், தாளை எடு என்றான். வயது, படிப்பு, வேலை, அட்டை கேட்டவரை எத்தனை நாளாகத் தெரியும் என்று அவள் படித்துக்கொண்டே போக, அவன் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டே வந்தான். அனுசியாவுக்கு உள்ளுக்குள் நிம்மதி பரவியது. பன்னிரண்டும் முடிந்தது, இத்தனை எரிச்சலும் இன்றோடு முடிந்தது என்று நினைத்தாள். ஏழாவது கேள்வியைப் படிக்கும்போதே பேனா 'இல்லை' என்ற கட்டத்துக்குப் போயிருந்தது.

"வந்துச்சு," என்றான் கோகுலராஜ்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேள்வி புரியவில்லையோ என்று மறுபடியும் நிறுத்திப் படித்தாள்.

"வெளங்குதுக்கா. அவன் சம்பளம் போடணும், அவன் அக்கவுண்ட் லாக் ஆயிருச்சுன்னான் வசந்தன், சரின்னேன். அப்புறம் பேங்க்ல இருக்கிற என் போன் நம்பரயும் அவன் சொல்ற நம்பருக்கு மாத்திக் குடுன்னான். சம்பளம் வாங்குறதுக்கு எதுக்கு நம்பர் மாத்தணும்? அப்பவே இது சரியில்லன்னு பட்டுச்சு. கேட்டா உண்மையச் சொல்லிருவானோன்னு பயந்துக்கிட்டுதான் கேக்கல. சொல்லிட்டான்னா வேணாம்னு சொல்லணும்லா. ரெண்டு வாரத்துக்கு ஐந்நூறு வெள்ளி தாரேன்னிருந்தான்."

அனுசியாவுக்கு முதலில் வந்தது கோபம்தான். ஆறு வருடம் ஊர் வாயோடு மல்லுக்கட்டியவள் அவள். நான்கு வருடமாகத் தூக்கம் கெட்டு, ஒரு சொல்லுக்காகக் குழுவோடு முட்டி மோதியவள். இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? மற்ற பதினோரு பேரும் சொன்ன 'இல்லை' வேறு இப்போது கண்முன் வரிசையாக வந்து நின்றது. அதில் எத்தனை நிஜம் என்று இனி யாரைப் போய்க் கேட்பாள்?

"இல்லன்னு போட்டுர்றேன் தம்பி," என்றாள். குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. "எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

"வேணாம். அவனுங்க கழுதன்னு சொல்லும்போது நான் ஏன் சும்மா இருந்தேன்னு நெனச்ச? ஒரைக்காமயா? என்ன சொமக்குறோம்னு கழுதைக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரியும்."

கோகுலராஜ் அவளிடமிருந்து பேனாவை வாங்கி, தாளைத் தன் பக்கம் திருப்பி, 'ஆம்' என்ற கட்டத்தில் தானே டிக் அடித்தான். பிறகு தாளை அவள் பக்கம் தள்ளி, எட்டாவது கேள்வி என்ன என்று கேட்டான்.