தவறணைக்குப் பூட்டுப் போட்டவர்கள்

தெல்தோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்துக்குக் கீழே லைசென்ஸோடு இருந்த சாராயத் தவறணையை மூடச் சொல்லி ஊர்வலம் போனோம். முன்னால் பதாகை பிடித்தவள் பக்கத்து லயத்து வீட்டு அக்கா. புருஷன் குடியை விட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. பதாகை, ஒலிபெருக்கி, சோற்றுப் பார்சல் எல்லாம் ஒரு முதலாளியின் உபயம். காட்டுக்குள் திருட்டுத்தனமாகக் கசிப்புச் சாராயம் காய்ச்சி விற்கிறவன் மதுவிலக்குக்குச் செலவழித்தால் சந்தேகம் வரவேண்டாமா? எங்களுக்குப் பசிதான் வந்தது.

தவறணையை மூடினார்கள். முதலாளியின் ஆட்டோக்கள் லயத்து வாசலுக்கே கசிப்புப் போத்தல் கொண்டுவந்தன. போலீசில் சொல்லப் போன ஒருவரின் காலை அவனுடைய ஆட்கள் முறித்தார்கள். அதன்பிறகு அவனைக் கண்டால் எல்லோரும் எழுந்து நின்றோம்.

அக்கா மட்டும் அவனிடம் போய், "இதுக்குத்தானா எங்கள ரோட்டுல நடக்க வச்சீங்க?" என்று கேட்டாள்.

"நீங்கதானே அக்கா மூடச் சொன்னீங்க? மூடியாச்சுல்ல!" என்று சிரித்தான்.

தவறணையைத் திரும்பத் திறக்கச் சொல்லிப் பிரதேச செயலகத்துக்குப் போவோம் என்று அவள் வீடு வீடாக அழைத்தாள். தொண்டை கிழியக் கோஷம் போட்ட நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டோம். தலைவாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவளோடு பஸ் ஏற வந்தது அவள் புருஷன் ஒருவன்தான்.